சாலை விபத்தில் பட்ட காயமும் அதன் பதிவும்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் மோட்டார் வாகனங்கள் பெருகியுள்ளமை கண்கூடு. முன்னாளில் வைக்கோலையும் நெல்லையும் மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்ற குடியானவர்கள் இன்று டிராக்டரில் ஏற்றிச் செல்கின்றனர். வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிளேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிதாகிவிட்டது. சாலைகள் முன்னினும் செப்பமுற்றன. வேகமும் அதற்கேற்ப மிகுந்தது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 17,884 பேர் மாண்டனர். அவ்வாண்டில் இந்திய நாடு முழுவதிலும் மாண்டோர் தொகை 1,68,491. அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வர்க்கு மேற்பட்டோர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

இத்தொகைகளை எடுத்துக் கூறி எவரையும் அச்சுறுத்துவது நம் கருத்தன்று. விபத்தில் அடிபட்டவரைப் பற்றி முதல் நாளில் மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதப்படும் இரண்டொரு வரிகள், அவர் பெறும் சிகிச்சைக்கும், அவருடைய குடும்பம் பெறும் ஈட்டுத்தொகைக்கும், அச்சாலை பெறும் திருத்தத்துக்கும் அடிப்படையாக நிற்கின்றன. அவ்வரிகள் உண்மைக்கு ஒத்திருக்குமாறு செய்வதில் ஊராட்சி உறுப்பினர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், அடிபட்ட இடத்தில் செய்ய வேண்டுவது யாது? 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் இந்த ஊர்திப் பணிக்குக் கட்டணம் இல்லை. ஊரின் பெயரை மட்டும் கூறினால் போதாது. எந்தச் சாலை, எந்த ஊருணிக்கு அல்லது கோயில் வளைவுக்கு அருகில், சாலையின் எந்தப் பக்கம் என்பனவற்றையும் சொல்ல வேண்டும். கிலோமீட்டர் கல் கண்ணில் பட்டால் அதிலுள்ள எண்ணைப் படித்துச் சொல்வது மிகவும் நன்று. பிறகு, வரும் வாகனங்கள் காண்பதற்காக ஒருவரைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி விளக்கையோ துண்டையோ அசைக்கச் செய்ய வேண்டும். உதவ வந்தவர்களே இரண்டாவது வாகனத்தால் மோதுண்ட நிகழ்ச்சிகள் நம் நாட்டுச் சாலைகளில் புதியவை அல்ல.

இரத்தம் பெருகினால் தூய துணியை மடித்து, காயத்தின் மேலேயே வைத்து, உள்ளங்கையால் விடாது அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கலாகாது. காப்பித்தூள், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு முதலியவற்றைக் காயத்தில் இடும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருந்து வருகிறது. அது சீழ் பிடிக்கவே வழி செய்யும். நினைவு இழந்தவர்க்குச் சோடாவோ தண்ணீரோ புகட்டலாகாது. அது மூச்சுக் குழலுக்குள் இறங்கிவிடும். நினைவுள்ளவர்க்கும் அறுவைச் சிகிச்சை நேரக்கூடுமாதலின் ஒன்றும் கொடாதிருப்பதே முறை. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கும் என்ற ஐயம் தோன்றினால், அவரைத் தூக்கி நிறுத்துதலும், ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டு செல்லுதலும் பெருந்தீங்கு. முதுகெலும்பு முறிந்தும் நரம்பு அறாமல் இருக்கும் ஒருவர்க்கு, அந்த நரம்பை அறுத்துவிடுவது இத்தகைய அன்புள்ள அவசரமே. தீப்பிடித்தல் போன்ற இடையூறு இல்லாத வரையில் ஊர்தி வரும் வரை தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பதே உதவி.

எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டுப் போடுவோரைப் பற்றி ஒரு சொல். வழிவழியாக இத்தொழில் செய்து வருவோரை இழித்துரைப்பது நமக்கு வேண்டுவதில்லை. ஆயினும் புதிய முறிவின் மேல் மூங்கிற் பற்றையை வைத்து இறுகக் கட்டினால், உள்ளே வீக்கம் வளர வளர இரத்த ஓட்டம் தடைப்பட்டு, கை கால் அழுகி, வெட்டி எடுக்க நேர்வது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளிவந்திருக்குமாயின் அங்குக் கட்டுப் போடுவதற்கு இடமே இல்லை. மேலும், முதலில் கட்டுப் போடுமிடத்துக்குச் சென்று நான்கு நாள் கழித்து மருத்துவமனைக்கு வருவோரின் பதிவேட்டில் விபத்தின் நாளும் வகையும் குழம்பிப் போகின்றன. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

அடிபட்டவுடன் உள்ள ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்று மருத்துவர்கள் கூறுவர். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்த திருத்தம் அச்சொல்லையே சட்டச் சொல்லாக ஏற்று, அதற்கு இலக்கணமும் வகுத்துள்ளது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. மாவட்டத் தலைநகரில் 2012இல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. தலையில் பலத்த அடிபட்டோரை அங்கிருந்தும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்ப நேரிடுவது உண்டு. இத்துணைத் தொலைவைக் கருதுமிடத்து, ‘யார் பணம் கட்டுவது?’ என்று சாலையில் நின்று பேசும் பேச்சு உயிரை விலை கேட்பதாகும்.

அப்பேச்சுக்கு இன்று இடமில்லை. 2021 டிசம்பர் 18ஆம் நாள் மேல்மருவத்தூரில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்கள் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். விபத்து நேர்ந்ததிலிருந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்பது இத்திட்டம். தொடங்கிய காலத்தில் 201 அரசு மருத்துவமனைகளும் 408 தனியார் மருத்துவமனைகளும் இதில் சேர்ந்திருந்தன. 81 வகைச் சிகிச்சை முறைகள் வரையறுக்கப்பட்டன. ஒருவர்க்கு 1 லட்சம் ரூபாய் வரை என்பது அப்போதைய வரம்பு. அடிபட்டவர் காப்பீட்டு அட்டை உள்ளவரா, இல்லாதவரா, வேறு மாநிலத்தவரா, வேறு நாட்டினரா என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. செங்கற் சூளைக்கோ அறுவடைக்கோ வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளி எவரேனும் நம் ஊர் எல்லையில் அடிபட்டால், அவர்க்கும் இவ்வுரிமை உண்டென்பதை உறுப்பினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். இதுவன்றி, மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டம், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவர்க்கு 1,50,000 ரூபாய் வரையில் ரொக்கம் கட்டாத சிகிச்சைக்கு வகை செய்கிறது.

கொண்டுபோய்ச் சேர்த்தவர்களைப் போலீசார் அலைக்கழிப்பர் என்ற அச்சம் இன்னும் நீங்கினபாடில்லை. இதற்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு விடை கூறுகிறது. பின்னர் அதுவே மோட்டார் வாகனச் சட்டத்தில் 134 ஏ பிரிவாகச் சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் உரிமை வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க இயலாது. தம் பெயரையும் முகவரியையும் கூற வேண்டுமென்று அவரை எவரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. எந்த மருத்துவமனையும், போலீசு வரட்டும் என்று காத்திருந்து முதற் சிகிச்சையை நிறுத்தி வைக்கலாகாது என்பது 1989ஆம் ஆண்டிலேயே அந்நீதிமன்றம் வகுத்த நெறி.

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமான செய்திக்கு வருவோம். மருத்துவமனை வாயிலில் பணி மருத்துவர் ‘விபத்துப் பதிவேடு’ ஒன்றை வைத்திருப்பார். ‘ஏ.ஆர். நகல்’ என்று வக்கீல்களும் போலீசாரும் கேட்பது இதன் படியைத்தான். அடிபட்டவர் யார், எப்போது, எங்கே, எவ்விதம் அடிபட்டதாகக் கூறப்படுகிறது, உடன் வந்தவர் யார், காயங்கள் யாவை என்பன அதில் எழுதப்படும். ‘எவ்விதம்’ என்ற இடத்தை நிரப்புவது மருத்துவர் கண்டது அன்று. உடன் வந்தவர் சொன்னது. ஆங்கேதான் பிழை புகுகிறது.

பதற்றத்தில் ஒருவர் ‘வண்டியில் இருந்து விழுந்துட்டாருங்க’ என்று சொல்லிவிடுவார். மோதிய வாகனம் பற்றி அவர் சொல்வதில்லை. மற்றொருவர் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார். மோதியவன் பக்கத்து ஊர்க்காரன், உறவுக்காரன், அவன்மேல் வழக்கு ஏன் என்ற எண்ணம் ஒன்று; ஓட்டியவனிடம் உரிமம் இல்லை, வண்டிக்குக் காப்பீடு இல்லை என்ற அச்சம் மற்றொன்று. ‘தாமே விழுந்தார்’ என்று பதிவேட்டில் ஏறிய பின், இரண்டு மாதம் கழித்துக் குடும்பத்தார் ‘லாரி மோதியது’ என்று வழக்குத் தொடுத்தால், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதன்முதல் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். உதவி கோரி வட்டார அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களின் தாள்களைப் புரட்டுகையில், இந்த ஒரு வரியால் ஆண்டுக்கணக்கில் அலைவோரைக் காண்கிறோம்.

பதிவேட்டில் எழுதிய சொற்கள் அங்கேயே தங்கிவிடுவதில்லை. மருத்துவப் பதிவேட்டுத் துறையினர் அவற்றைக் குறியீடுகளாக மாற்றுகின்றனர். நில அளவையில் ஒவ்வொரு துண்டுக்கும் சர்வே எண் இருப்பது போல, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே வகையான குறியெண் உண்டு. பாரிஸ் நகரத்துப் புள்ளிவிவர அறிஞர் ழாக் பெர்த்தியோன் என்பார் 1893இல் மரணக் காரணங்களை வகுத்துத் தந்த அட்டவணையே இதற்கு மூலம். 1948இல் ஆறாம் திருத்தம் முதல் உலகச் சுகாதார நிறுவனம் இதன் பொறுப்பை ஏற்றது. பத்தாம் திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. அதுவே நம் மருத்துவமனைகளில் பெரிதும் வழங்கி வருகிறது. பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி முதல் நாளில் உலக அளவில் நடைமுறைக்கு வந்தது.

பத்தாம் திருத்தத்தின்படி விபத்தில் அடிபட்டவர்க்கு இரண்டு குறியீடுகள் வேண்டும். காயம் யாது என்பதை ஒன்று கூறும். அது எவ்வாறு நேர்ந்தது என்பதை மற்றது கூறும். காயத்தைக் குறிப்பவை பெரும்பாலும் ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும். மண்டைக்குள் பட்ட காயம் எஸ் 06. தொடை எலும்பு முறிவு எஸ் 72. முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவு எஸ் 82. சாலை விபத்தின் வகையைக் குறிப்பவை ‘வி’ என்ற எழுத்தில் தொடங்கும். நடந்து சென்றவர்க்கு வி 01 முதல் வி 09 வரை. சைக்கிளில் சென்றவர்க்கு வி 10 முதல். மோட்டார் சைக்கிளில் சென்றவர்க்கு வி 20 முதல். ஆட்டோ போன்ற மூன்று சக்கர ஊர்தியில் இருந்தவர்க்கு வி 30 முதல். காரில் இருந்தவர்க்கு வி 40 முதல். பேருந்தில் இருந்தவர்க்கு வி 70 முதல். மாட்டு வண்டியில் இருந்தவர்க்கு வி 80 என்றும், டிராக்டர் முதலிய வேளாண்மை ஊர்திகளில் இருந்தவர்க்கு வி 84 என்றும் தனி இடம் உண்டு. டிராக்டர் சாலையில் கவிழ்ந்ததா, வயலில் கவிழ்ந்ததா என்பதைப் பிரித்துக் காட்டவும் கடைசி எண் உதவுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். கல்லலுக்கு அருகில் ஒரு விவசாயி வயலிலிருந்து திரும்புகையில், மகன் ஓட்டும் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்திருக்கிறார். லாரி மோதுகிறது. தொடை எலும்பு நடுவே முறிகிறது. இதன் சரியான குறியீடு எஸ் 72.3, வி 24.5 என்பன. 24 என்பது மோட்டார் சைக்கிளும் லாரி அல்லது பேருந்தும் மோதியதைக் காட்டும். புள்ளிக்குப் பின்னுள்ள 5, அவர் ஓட்டியவர் அல்லர், உடன் சென்றவர் என்பதைக் காட்டும். ஓட்டியவராயின் 4. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சாலையைக் கடக்கும்போது அதே லாரி மோதியிருந்தால் அவர் நடந்து சென்றவர் ஆகிறார். குறியீடு வி 04.1 ஆகும். குறுக்கே வந்த மாட்டின் மேல் மோதியிருந்தால் வி 20. எதுவும் மோதாமல் வண்டி கவிழ்ந்திருந்தால் வி 28. காயம் ஒன்றே, கதை வேறு வேறு. மாட்டினால் நேர்வது மிகுமானால் பட்டி அமைக்க வேண்டும். லாரியால் மிகுமானால் நெடுஞ்சாலைத் துறையை அணுக வேண்டும். மருந்தே வேறுபடுகிறதன்றோ?

பதிவேட்டில் ‘ஆர்.டி.ஏ.’ என்று மூன்றெழுத்து மட்டும் எழுதியிருந்தால் பதிவேட்டுத் துறையினர் என் செய்வர்? வகை குறிப்பிடாத மோட்டார் விபத்து என்று வி 89.2இல் போடுவதல்லது வேறு வழியில்லை. சர்வே எண் இல்லாமல் ‘ஊருக்குக் கிழக்கே உள்ள நிலம்’ என்று பத்திரம் எழுதியதை ஒக்கும் அது.

ஆதலின் அடிபட்டவரோடு செல்பவர் மருத்துவரிடம் தெளிவாகக் கூற வேண்டியவை சிலவே. அவர் நடந்து சென்றாரா, எந்த வாகனத்தில் சென்றார்? ஓட்டினாரா, உடன் இருந்தாரா? எதன்மேல் மோதினார், அல்லது எது அவர்மேல் மோதியது? எந்த இடம், எத்தனை மணி? தலைக்கவசம் இருந்ததா? மோதிய வாகனத்தின் எண் தெரிந்தால் அதுவும். தாம் கண்ணாரக் காணவில்லையாயின் ‘காணவில்லை, இன்னார் கூறினார்’ என்றே சொல்ல வேண்டும். ஊகித்துச் சொல்வது உதவியாகாது. உயிர் காக்கும் சிகிச்சைக்கும் இவ்விவரம் பயன்படுகிறது. பக்கவாட்டில் மோதுண்டவர்க்கு மண்ணீரல், இடுப்பெலும்பு ஆகியவற்றையும், தூக்கியெறியப்பட்டவர்க்குக் கழுத்தெலும்பையும் மருத்துவர் முன்கூட்டியே ஆராய்வார். வெளியில் கீறலும் இல்லாதவர் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து சில மணி நேரத்தில் மாளுதல் உண்டு.

தலையில் அடிபட்டு, நன்றாகப் பேசிக்கொண்டு வீடு திரும்பியவரையும் ஒரு நாள் முழுதும் கவனிக்க வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி, மிகுந்த உறக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்று பாராது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. குடித்திருந்தார், அதனால் உறங்குகிறார் என்று விட்டு உயிரிழந்தோர் உளர்.

மரணம் நேர்ந்துவிடின் பதிவு மேலும் இன்றியமையாதது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் மருத்துவர் மரணக் காரணச் சான்று தர வேண்டும். இதயம் நின்றது என்பது காரணம் அன்று. எல்லா மரணத்திலும் இதயம் நிற்கத்தான் செய்கிறது. அடிப்படைக் காரணமாகச் சாலை விபத்தும் அதன் வகையும் எழுதப்பட வேண்டும். மதுரையில் சிகிச்சை பெற்று வீட்டுக்கு அழைத்து வரப்பட்டவர் இருபதாம் நாள் மாள்வாராயின், கிராம நிர்வாக அலுவலரிடம் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதிக் கொடுத்துவிடுவது நம் ஊர்களில் நிகழ்வதே. விபத்து நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நேரும் மரணம் சாலை விபத்து மரணமாகவே கணக்கிடப்பட வேண்டும். அவ்வாறு மாண்டவர் பற்றிப் போலீசு நிலையத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பிணப் பரிசோதனை வேண்டாமென்று மறுப்பது துயரத்தில் தோன்றும் இயல்பான எண்ணமே. ஆனால் விபத்துக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்ட அதைவிட உறுதியான சான்று வேறில்லை.

சாலையைத் திருத்துவது பற்றியும் கூறுவோம். தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியில், 3 ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைத்த 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் நேர்ந்திருப்பின் அது ‘கரும்புள்ளி’ எனப்படும். அவ்விடத்தைத் திருத்துவது நெடுஞ்சாலைத் துறையின் கடமை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து அமைத்த மின்னணு விபத்துப் பதிவு முறை 2021இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது. போலீசார் விபத்து நடந்த இடத்திலேயே விவரத்தை ஏற்றுகின்றனர். ஒரே வளைவில் ஐவர் கால் முறிந்து, அவர்களுள் மூவர் உள்ளூரில் பேசி முடித்துக்கொண்டால், ஏட்டின்படி அங்கு விபத்து இரண்டே. வளைவு அப்படியே இருக்கும், ஆறாமவரும் வருவார்.

தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் காவடியோடும் பிற குழுக்களோடும் ஆயிரக்கணக்கானோர் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கின்றனர். இரவிலும் விடியற்காலையிலும் சாலை ஓரமே அவர்கள் வழி. அப்பாதையில் உள்ள ஊராட்சிகள் தண்ணீர்ப் பந்தல் அமைப்பது பாராட்டற்குரியது. அப்பந்தலிலேயே ஒளிரும் பட்டைகளையும் வழங்கி, காயமுற்றோர் பெயரையும் இடத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த கிராம சபையில் விளக்கு எங்கு வேண்டும் என்று வாதிட வேறு சான்று வேண்டுவதில்லை. வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்விளக்கும் சிவப்புப் பட்டையும் இல்லாமல் இரவில் நிறுத்துவோர் இருக்கும் ஊர்களில் இப்பேச்சை முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஈட்டுத்தொகைக்குரிய காலவரம்புகளை விவசாயிகள் அறிந்திருத்தல் நன்று. மோட்டார் விபத்து உரிமைத் தீர்ப்பாயத்தில் விபத்து நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டுமென்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது; 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அவ்வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன. எனினும் அவற்றை நம்பிக் காத்திராமல் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிடுவதே பாதுகாப்பு. விபத்துப் பதிவேட்டின் நகல், முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனை விடுவிப்புச் சீட்டு, படங்கள், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு வைக்கவும். விடுவிப்புச் சீட்டில் காயத்தின் குறியீடும் விபத்தின் வகையும் எழுதப்பட்டுள்ளனவா என்று வீடு திரும்பும் முன்னரே பார்த்துக் கேட்கலாம், கேட்பதில் குற்றமில்லை.

மோதிவிட்டு ஓடிய வாகனம் இன்னதென்று கண்டுபிடிக்கப்படாவிடின் ஒன்றும் கிடையாது என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய விபத்தில் மாண்டவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் பட்டவர்க்கு 50,000 ரூபாயும் வழங்க வகையுண்டு. இதற்கு வழக்கு மன்றம் செல்ல வேண்டுவதில்லை. உரிய படிவத்தில் மருத்துவமனைச் சான்றும் வங்கிக் கணக்குப் புத்தக நகலும் இணைத்து, வருவாய்க் கோட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ கொடுக்க வேண்டும். அவருடைய விசாரணை அறிக்கையின் பேரில் மாவட்ட ஆட்சித் தலைவர் தொகைக்கு ஆணையிடுவார். காரைக்குடி, தேவகோட்டை வட்டத்தார்க்குக் கோட்டாட்சியர் அலுவலகம் தேவகோட்டையில் உள்ளது. மனு எழுதத் தெரியாதவர்க்கு ஊராட்சிச் செயலர் எழுதிக் கொடுத்து, கொடுத்த நாளைக் குறித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குப் பின் நிலைமையைக் கேட்டறிந்து சொல்வாராக.